நெய்ச்சாடிக் குச்சி

சொர்ணக்கிளிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆவரம்பட்டி ஜமீன் அடுக்களையில் தினமும் காலையில் ஒரு மூங்கில் குச்சியை நெய்ச்சாடிக்குள் விடுவாள். நெய் நிற்கும் இடத்தில் கத்தியால் ஒரு வெட்டுப் போடுவாள். அதுதான் அவள் கணக்கு.

அந்த வருஷம் ஜமீன்தாருக்கு மூட்டுவலி. நாற்பது நாள் பத்தியம், நெய்யை மோந்துகூடப் பார்க்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். இருபதாம் நாள் அவர் மனைவி நாச்சியார், "நெய் ஏன் இவ்வளவு வேகமாகக் குறையுது?" என்று கேட்டாள். ஜமீன்தார் முந்திக்கொண்டு சமையற்காரியைக் கூப்பிட்டார்.

"ஏ கிளி! உச்சிப்பொழுதுக்குள்ள திருடனைக் காட்டு. யாரையும் சோதிக்கக் கூடாது, யார் மேலயும் பழி சொல்லக் கூடாது. முடியாட்டி மூட்டையைக் கட்டு!"

"இப்பவே காட்டுறேன் எஜமான்" என்று குச்சியை நாச்சியாரிடம் நீட்டினாள் சொர்ணக்கிளி. "சாடி அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலம் தாயே. வெட்டுக்கு வெட்டு ரெண்டு விரல் இறங்கியிருக்கு. நடுவுல நாலு நாள் மட்டும் ஒரு விரல்தான்."

"அந்த நாலு நாள் என்ன விசேஷம்?"

"சமையல் எப்பவும் போலத்தான். எஜமான் வழக்குக்காக மதுரை போயிருந்தாங்க. ஆனா அவங்களுக்குத்தான் நெய்யே கிடையாதே!"

நாச்சியார் மெதுவாகத் திரும்பினாள். ஜமீன்தாரின் மீசை பளபளவென்று மின்னியது.

"அந்த வக்கீல் வீட்டுல எதுக்கெடுத்தாலும் நல்லெண்ணெய்தான்" என்றார் பரிதாபமாக.

நாச்சியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுக்களைச் சாவியைச் சொர்ணக்கிளி கையில் கொடுத்தாள். பிறகு வைத்தியருக்கு ஆள் அனுப்பினாள், பத்தியத்துக்கு இன்றுதான் முதல் நாள் என்று.