கடுகளவு வட்டம்

"மெஷின் பொய் சொல்லுது மேடம்!" என்று வந்து நின்றார் டாக்டர் திரவியம்.

மரபணு ஆய்வகத்தின் தலைவி ரிஸ்வானா நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு முப்பத்து நாலு வயது. அவளுடைய மாணவரான திரவியத்துக்கு ஐம்பத்தெட்டு. முப்பது வருடம் மைக்ராஸ்கோப்பில் புற்றுநோயைக் கண்டுபிடித்துப் பேர் வாங்கிய மனிதர், மரபணு படிக்க ஆசைப்பட்டு அவளிடம் வந்திருந்தார். வந்த நாளிலிருந்து மைக்ராஸ்கோப்பை மறந்து மெஷினே கதி.

"என்ன சொல்லுது?"

"எஸ்தரம்மாவோட நுரையீரல் கட்டியில மரபணு மாற்றமே இல்லைங்குது. நேத்தும் பாத்தேன், இன்னிக்குக் காலையிலயும் பாத்தேன். திரையில கோடு ஏறாம படுத்தே கிடக்கு. எனக்கென்னமோ இருக்கும்னுதான் தோணுது."

மாற்றம் இருந்தால் தினம் ஒரு மாத்திரை போதும். இல்லையென்றால் நாளைக்குக் கீமோ ஊசி ஆரம்பம். அந்த உடம்பு அதைத் தாங்காது என்று வார்டு முழுக்கப் பேச்சு.

"மெஷினுக்கு என்னத்தைக் கொடுத்தீங்க?"

"மைக்ராஸ்கோப் கண்ணாடியில இருந்த சதை மொத்தத்தையும் சுரண்டிக் கொடுத்தேன்."

ரிஸ்வானா ஒரு மார்க்கர் பேனாவை அவர் கையில் வைத்தாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திரவியத்துக்குச் சுருக்கென்றது. உயிர் போகிற விஷயம் கேட்டால் பேனாவைக் கொடுப்பதா?

மூடியைத் திறந்தார். கண்ணாடியில் எழுதுகிற பேனா.

சுரண்டுமுன் கண்ணாடியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டு மைக்ராஸ்கோப்புக்கு ஓடினார்.

எஸ்தரம்மாவின் சதைத் துண்டு இருந்த இன்னொரு கண்ணாடியில் எங்கு பார்த்தாலும் நல்ல செல்கள். ஒரு மூலையில் மட்டும் கடுகளவு புற்று. இத்தனை கூட்டத்தில் அதன் குரல் மெஷினுக்கு எப்படிக் கேட்கும்?

அதைச் சுற்றி வட்டம் போட்டார். அதே சதையின் அடுத்தடுத்த துண்டுகளிலும் வட்டத்துக்குள் இருந்ததை மட்டும் சுரண்டி எடுத்து மெஷினுக்குக் கொடுத்தார்.

மாலை ஐந்து மணிக்குத் திரையில் கோடு லேசாக அசைந்தது. பிறகு விறுவிறுவென்று மேலே ஏறியது.

"இருக்கு! மேடம், இருக்கு!"

வயதை மறந்து குதித்தார். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. வார்டுக்குப் போன் போட்டார்.

"ஊசியை நிறுத்துங்க! எஸ்தரம்மாவுக்கு மாத்திரையே எழுதலாம்!"

வார்டு டாக்டர் குழம்பிப்போனார். "நேத்து இதே மெஷின்ல பாத்துட்டு இல்லைன்னீங்களே சார்?"

திரவியம் சத்தம் கேட்டுப் பக்கத்தில் வந்து நின்ற ரிஸ்வானாவைப் பார்த்தார்.

"நேத்து மெஷின் மட்டும்தான் பாத்துச்சு. மைக்ராஸ்கோப்புல பாக்குற நான் லீவுல இருந்தேன் டாக்டர்," என்றார்.