மலையைக் காக்கப் போட்ட சட்டம்

தீர்ப்புச் சொல்வதில் ஆசை உள்ளவர்கள் கொஞ்சம் அருகே வாருங்கள். உங்களுக்காகத்தான் இந்தக் கதை.

கருங்குன்ற நாட்டில் மழை வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தது. மலையில் மரத்தை வெட்டி அடுக்கி, மேலே மண் பூசி, உள்ளுக்குள் புகையவிட்டுக் கரி எடுக்கும் கூட்டத்தால்தான் மலை மொட்டையானது, மேகம் தங்காமல் போனது என்று கீழ்நாட்டு உழவர்கள் மன்னனிடம் முறையிட்டார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. மன்னனும் யோசித்துத்தான் பறையறைவித்தான்.

"ஆடி முதல் தேதியிலிருந்து கரிமூட்டம் போடுகிறவனுக்குக் கழுமரம். தொழிலை விட்டவர்களுக்குக் கீழ்நாட்டு உழவர்கள் கேழ்வரகு கொடுத்துக் காப்பாற்ற வேண்டும்."

நல்ல சட்டம் என்று ஊரே மெச்சியது. கரிக்காரன் குப்பாண்டியும் நம்பித் தொழிலை விட்டான். கேழ்வரகு கேட்டு உழவர் தலைவர் மழவராயர் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"மழை பெய்யட்டும் குப்பாண்டி. விளைஞ்சதும் தராம போயிருவோமா?"

"மரம் முளைச்சு, மழை பெஞ்சு, வெள்ளாமை வர்ற வரைக்கும் என் பிள்ளைங்க என்னத்தைத் திங்கும் சாமி?"

மழவராயர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் கெட்டவர் அல்ல. அந்த வருஷம் அவர் வீட்டுத் தானியக் குதிரும் பாதிதான் நிறைந்திருந்தது. ஆனால் பாதி நிறைந்திருந்தது.

ஆவணியில் குப்பாண்டியின் சின்ன மகள் பட்டினியில் செத்தாள். பெரியவளுக்கும் கால் வீங்கத் தொடங்கியதும், அவன் மலையேறி ஒரு மூட்டம் போட்டான். புகையைக் கண்ட மழவராயர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"உடைக்காதீங்க சாமி. காத்து போற ஓட்டையை அடைச்சா தானா அணைஞ்சிரும். பிளந்தா காத்து உள்ள போயிப் பத்திக்கும்" என்று குப்பாண்டி அவர் காலில் விழுந்தான். கையும் களவுமாகப் பிடிபட்டவன் பேச்சை யார் நம்புவார்கள்? மழவராயர் மூட்டத்தைப் பிளந்தார். காற்றுப் பட்டதும் தீ குபீரென்று எழுந்து, மிச்சமிருந்த காட்டையும் தின்றுவிட்டது.

மன்னனின் சபை கூடியது. கழுமரம் தயாராக நின்றது. குப்பாண்டியின் பெரிய மகள் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூட்டம் போட்டவனா, அதைப் பிளந்தவரா, சட்டம் போட்டவனா? மலையை எரித்த குற்றம் இவர்களில் யாருடையது?

விடை: குப்பாண்டி சட்டத்தை மீறினான். மழவராயர் ஆத்திரத்தில் புத்தியை இழந்தார். இரண்டும் உண்மைதான். ஆனால் பறையில் சொன்னதை இன்னொரு தடவை படியுங்கள். கரியை நிறுத்தத் தேதி உண்டு, மீறினால் தண்டனையும் உண்டு. கேழ்வரகு கொடுக்கத் தேதியும் இல்லை, கொடுக்காதவனுக்குத் தண்டனையும் இல்லை. மழை வந்தால் நாட்டுக்கே லாபம். அதுவரைக்குமான பசியை மட்டும் கரிக்காரர்கள் தலையில் கட்டியவன் மன்னன். குற்றம் அவனுடையது. சபையில் இருந்த அத்தனை பேருக்கும் இந்த விடை தெரிந்திருந்தது. குப்பாண்டியைத்தான் கழுவேற்றினார்கள்.