மறை விழுந்த குட்டி

குருவைவிடச் சீடர் இருபது வயது மூத்தவர். அதில் இருவருக்குமே கூச்சம் கிடையாது.

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே சிப்பிப்பாறை நாய் வளர்க்கிற கோமதிதான் குரு. எந்த நாயோடு எதைச் சேர்த்தால் என்ன நிறத்தில் குட்டி விழும் என்று அவள் சொன்னால் பெரும்பாலும் தப்பாது. சீடர் ஆவுடையப்பன் ஊரில் யாரிடமும் இறங்கிப் போகாத மனுஷர். நாய் விஷயம் என்றால் மட்டும் அவள் முன்னால் கை கட்டி நிற்பார்.

அன்றைக்குக் கை கட்ட முடியவில்லை. கையில் துண்டு, துண்டுக்குள் ஒரு குட்டி.

"என்ன அண்ணாச்சி, கண்ணு தொறக்காத குட்டியத் தாய்கிட்டேருந்து பிரிச்சுக் கொண்டாந்திருக்கீங்க?"

"நீயே பாரு, தாயி."

துண்டை விரித்தார். செவலை உடம்பு. நெற்றியிலும் நெஞ்சிலும் முதுகிலும் வெள்ளைத் திட்டு. இப்படித் திட்டு விழுந்ததை, மாட்டுக்குச் சொல்வதுபோல நாய்க்கும் மறை என்பார்கள்.

"தாய் செம்பா முழுச் செவலை. தகப்பன், எங்க மருது, அவனும் முழுச் செவலை. பொட்டு வெள்ளை கிடையாது. இது எங்கேருந்து வந்துச்சு? செம்பா வேலி தாண்டியிருக்கா."

"கட்டித்தான வச்சிருந்தீங்க?"

"கட்டித்தான் வச்சிருந்தேன்."

"பெறகு எப்படித் தாண்டுவா?"

ஆவுடையப்பன் கொஞ்சம் யோசித்தார். தோற்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"அப்போ அவ வம்சத்துல இருந்திருக்கும். அவ வெளியேருந்து வந்தவதான. மருது எங்க வீட்டுலயே பொறந்தவன். அவன்கிட்ட அழுக்கு கிடையாது."

கோமதி குட்டியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அது சேலை மடிப்பில் பால் தேடியது. காலியான துண்டை உதறி அவர் தோளில் போட்டாள்.

"இப்போ உங்ககிட்ட என்ன இருக்கு, அண்ணாச்சி?"

"துண்டு இருக்கு."

"வேட்டி மடியில?"

"வெத்தலைப் பொட்டலம்."

"அது எனக்குத் தெரியுதா?"

"எப்படித் தெரியும்? சொருகியில்லா வச்சிருக்கேன்."

"நாயும் அப்படித்தான். ஆத்தா குடுத்தது ஒண்ணு, அப்பன் குடுத்தது ஒண்ணு. தோள்ல கெடக்குற நிறந்தான் ஊருக்குத் தெரியும். இன்னொண்ணு மடியில கெடக்கும். குட்டிக்கு ரெண்டுல ஒண்ணத்தான் குடுக்கும். எதக் குடுக்கப் போறோம்னு அதுக்கே தெரியாது."

"சரி."

"ஒருத்தர் மடியில இருந்த வெள்ளையக் குடுத்து, இன்னொருத்தர் தோள்ல இருந்த செவலையக் குடுத்தா குட்டி செவலைதான். வெள்ளை திரும்பவும் மடிக்குள்ள போயிரும். ரெண்டு பேரும் மடியில இருந்ததையே எடுத்துக் குடுத்தாத்தான் இது." குட்டியின் நெற்றியைத் தடவினாள். "மறைஞ்சு கெடந்தது வந்திருக்கு. மறைன்னு சும்மாவா பேரு வச்சாங்க?"

"மருதுகிட்டயுமா இருந்துச்சு?"

"அவன்கிட்டயுந்தான். செம்பா ஒருத்தியால இப்படி ஒரு குட்டி போட முடியாது."

ஆவுடையப்பன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு ஒரு பேத்தி உண்டு. குழந்தைக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று, சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்க, மருமகள் செண்பகத்தைப் பார்த்து, "எங்க வம்சத்துல செவிடு கிடையாது. நீ கொண்டாந்தது" என்றார். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாள். மகனும் பின்னாலேயே போய்விட்டான். ஐப்பசியில் நடந்தது. மாசி பிறந்தும் யாரும் திரும்பவில்லை. பெரிய வீட்டில் அவரும் நாய்களும்தான். குழந்தையை நினைத்து அவர் அழுததை அந்த நாய்கள் மட்டும் பார்த்திருந்தன.

"தாயி."

"சொல்லுங்க."

"அதுவும் இப்படித்தானா?"

"எது?"

"நாயச் சொல்லல."

கோமதிக்குப் புரிந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நாயப் பத்தித்தான் தெரியும், அண்ணாச்சி. டாக்டரு என்ன சொன்னாரு?"

"ரெண்டு பக்கத்துலயும் இருந்திருக்கும்னுதான் சொன்னாரு. நாந்தான் காதுல வாங்கல."

குட்டி பால் கிடைக்காமல் முனகியது. கோமதி அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து, குட்டியைப் பொதிந்து, அவர் மடியில் வைத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வரும்போது அதை அப்படிப் பிடித்திருக்கவில்லை.

"எந்திரிங்க. பசி தாங்காது அது."

எழுந்தார். வாசல் வரைக்கும் போனவர் நின்றார்.

"இவ்வளவும் செஞ்சிட்டு நான் போய் நின்னா, பக்கத்துல விடுவாளா தாயி?"

செம்பாவையா செண்பகத்தையா என்று கோமதி கேட்கவில்லை.

"உறுமுவா, அண்ணாச்சி. உறுமட்டும். நீங்க கைய மட்டும் இழுத்துக்கிடாதீங்க."