அணில் எந்தப் பக்கம்?

அணில் முதுகில் கோடு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். நான் சொல்வது அதற்கும் முந்தியது. அந்தக் காலத்தில் விலங்குகள் பேசும்; பேசாத நேரத்தில் பேஸ்பால் ஆடும். மைதானத்துக்குக் கிழக்கே புளியமரத்து அணி, தலைவர் குரங்கு. மேற்கே மருதமரத்து அணி, தலைவர் கீரி. பந்தை அடித்துவிட்டு நான்கு மூலையையும் தொட்டு ஓடி வருவதில் புளியமரத்து அணிலை மிஞ்ச ஆளில்லை. ஓடாத நாளில் அதற்குத் தீனி இறங்காது.

ஐப்பசி மழையில் ஆட்டம் கிடையாது. அப்போதுதான் தலைவர்கள் ஆட்களை மாற்றிக்கொள்வார்கள். ஒரே விளாம்பழத்தை இருவரும் ஆளுக்கொரு கடி கடித்தால் பேச்சு முடிந்தது. மழை விட்டதும் ஆட்டம் தொடங்க மரங்கொத்தி மரத்தைத் தட்டும். அந்த நேரத்தில் தன் அணியின் மரத்தடியில் நிற்காதவர்களுக்கு அந்த வருஷம் ஆட்டமே இல்லை.

ஆட்டமில்லாத மாதங்களில் எல்லோரும் வெறும் வாயை மென்றுகொண்டிருப்பார்கள். மைனா கொண்டு வரும் சேதிதான் அவல். அந்த வருஷம் மழை விடப்போகும் நாளில், குரங்கு பழத்தைக் கடித்ததை மைனா பார்த்தது. கீரியும் கடிக்கட்டும் என்று பொறுக்க அதற்கு மனமில்லை. அணிலைத்தான் மாற்றுகிறார்கள் என்று முடிவு கட்டிப் பறந்துவிட்டது.

“அணிலே, உன்னை மருதமரத்துக்குக் குடுத்தாச்சு!”

பிறந்த மரத்தை விட்டுப் போக அணிலுக்கு அழுகை வந்தது. ஆனாலும் மருதமரத்துக்கு ஓடியது.

கீரி பழத்தை மோந்துகொண்டிருந்தது. “நான் இன்னும் கடிக்கவே இல்லையேப்பா. உன்னை யாரு வரச் சொன்னா?”

அணில் திரும்பி ஓடியது. குரங்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது. “சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டியே!”

“நீங்கதானே அண்ணே என்னைக் குடுத்தீங்க?”

“குடுத்தேனா? பசிச்சுது, கடிச்சேன். புளிச்சுது, பழத்தைக் கீரிகிட்டக் குடுத்தேன். அவ்வளவுதான்.”

அதற்குள் மேலே மைனா கத்தியது: “கீரி கடிச்சிருச்சு! மருதமரம்தான்!”

அணில் பாய்ந்தது. பாதி மைதானம் தாண்டவில்லை, மறுபடியும் மைனா: “துப்பிருச்சு, துப்பிருச்சு! புளியமரம்தான்!”

கடித்துவிட்டுத் துப்பினால் அது கடியா, இல்லையா? அதற்கு யாரும் விதி வைத்திருக்கவில்லை. எனக்கும் இன்றுவரை விளங்கவில்லை. அணில் இரண்டடி முன்னால் வைத்தது, மூன்றடி பின்னால் வந்தது.

“நான் யாரு ஆளு? யாராவது சொல்லுங்களேன்!”

குரங்கு கீரியைப் பார்த்தது. கீரி குரங்கைப் பார்த்தது. அதற்குள் மழை விட்டு, மரங்கொத்தி தட்டிவிட்டது.

நடுமைதானத்தில் நின்ற அணிலைத் தாண்டி இரண்டு அணிகளும் ஆட இறங்கின. பாவம், அது அந்த வருஷம் ஒரு ஓட்டமும் ஓடவில்லை.

சாலையைக் கடக்கும் அணில் பாதியில் நின்று, திரும்பி, மறுபடியும் முன்னால் பாய்வது அன்று தொட்டுத்தான். வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.