இடம் மாறிய புள்ளிகள்

ஜெசிந்தா டீச்சருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பார்வையற்ற பெண்கள் படிக்கும் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தாள். அவளிடம் படித்தவர்களில் சங்கிலிமுத்துவுக்கு மட்டும் கண் தெரியும். அவளைவிட இருபது வயது மூத்தவர். டிவி ரிப்பேர் கடையை மூடிவிட்டு, கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸைக் கற்க வந்தவர்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கு, விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்துகளை அச்சிடும் ஒரு பழைய பிரெய்ல் அச்சுப்பொறி நன்கொடையாக வந்தது. திங்கட்கிழமை பத்தாம் வகுப்புக்கு மாதிரித் தேர்வு. அதுவரை யாராவது கேள்வியை வாசிப்பார்கள், பிள்ளைகள் காதால் கேட்டு எழுதுவார்கள்.

“இந்தத் தடவை நாங்களே படிப்போம்” என்று பதினோரு பேரும் சொல்லிவிட்டார்கள்.

பள்ளிக் கம்ப்யூட்டரில் இருந்த லினக்ஸ் அந்த அச்சுப்பொறியை அடையாளம் காணவில்லை. சங்கிலிமுத்து அதைச் செய்த கம்பெனிக்குப் போன் செய்தார்.

“எங்க மெஷினை லினக்ஸோட பேச வைக்கிற டிரைவர் புரோகிராம் கிடையாது சார். கம்ப்யூட்டரை மாத்துங்க. இல்லன்னா புது மெஷின் வாங்குங்க.”

ஜெசிந்தாவிடம் வந்து சொன்னார்.

“இவங்களோட வேற மாடலுக்கு யாரோ டிரைவர் எழுதி, இணையத்துல பொதுவா வச்சிருக்காங்க. அதைப் போட்டுப் பாருங்கண்ணே” என்றாள் அவள்.

போட்டார். ஒரு பாடத்தை அச்சிட்டார். இயந்திரம் கடகடவென்று புள்ளிகளைக் குத்தித் தள்ளியது. தெய்வானை என்ற மாணவி தடவிப் பார்த்தாள்.

“ஒண்ணுமே புரியல சார். உளறுது.”

நான்கு முறை அச்சிட்டார். நான்கும் உளறின. கசக்கி எறிந்தார்.

“செஞ்சவனே முடியாதுன்னுட்டான் டீச்சர். நமக்கு எதுக்கு இந்த வீம்பு?”

“தாளை எங்க போட்டீங்க?”

“குப்பையில.”

“எடுத்துக் கொடுங்க.”

மடியில் வைத்து நீவினாள். விரல்கள் வரியோடு ஓடின, திரும்பி வந்தன, மறுபடி ஓடின. சிரித்துவிட்டாள்.

“அண்ணே, நாங்க கையால எழுதும்போது தாளோட பின்பக்கம் இருந்துதான் ஊசியால குத்துவோம். எழுத்துக்கு ஆறு புள்ளி, இடப்பக்கம் ஒண்ணு ரெண்டு மூணு, வலப்பக்கம் நாலு அஞ்சு ஆறு; ஒவ்வொரு எழுத்தையும் இடம் வலம் மாத்திக் குத்தணும். பன்னிரண்டு வருஷம் அப்படி எழுதியிருக்கேன். இது உளறல, இடம் மாத்திப் பேசுது. டிரைவரைத் திறந்து புள்ளி வரிசையைப் படிங்க.”

“ஒண்ணு, நாலு, ரெண்டு, அஞ்சு, மூணு, ஆறு.”

“நாலு, ஒண்ணு, அஞ்சு, ரெண்டு, ஆறு, மூணுன்னு மாத்துங்க.”

“அடுத்தவங்க எழுதினதுல கை வைக்கலாமா?”

“கை வைக்கட்டும்னுதான் திறந்து வச்சிருக்காங்க.”

மாற்றினார். அச்சிட்டார். தெய்வானை முதல் வரியை உரக்கப் படித்தாள், நிற்காமல்.

திங்கட்கிழமை தேர்வு அறைக்கு வந்த ஆசிரியை, பழக்கத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் கேள்வியை வாசிக்கத் தொடங்கினார்.

“வேண்டாம் மிஸ்” என்றாள் தெய்வானை. “எனக்கு முதல்ல கடைசிக் கேள்வியைப் படிக்கணும்.”

ஆசிரியை தாளை மூடிவிட்டு உட்கார்ந்தார். வாசலில் நின்ற சங்கிலிமுத்துவுக்குக் கண் கலங்கியது.

மாலையில் கம்பெனியிலிருந்து போன் வந்தது.

“கம்ப்யூட்டரை மாத்திட்டீங்களா சார்?”

“இல்ல. லினக்ஸ்லயே ஓடுது.”

“அதுக்கு நாங்க சப்போர்ட் தர மாட்டோம் சார், பார்த்துக்குங்க.”

சங்கிலிமுத்து போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

“சப்போர்ட் தர மாட்டாங்களாம் டீச்சர். என்ன சொல்லட்டும்?”

“நாம திருத்தின டிரைவரை இப்பதான் பொதுவுல போட்டேன்” என்றாள் ஜெசிந்தா. “அவங்களுக்கு சப்போர்ட் வேணும்னா நம்மகிட்ட கேட்கச் சொல்லுங்க.”