எட்டு முழக் கதவுக்கு ஒன்பது முழத் தேக்கு

ஒரு காலத்தில் மருதஞ்சீமையைக் கீர்த்திமாறன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் ஆள் குட்டை. அந்தச் சொல் மட்டும் அவன் காதில் விழக் கூடாது. மாடு குளிப்பாட்டுகிற குட்டையைக்கூட அரண்மனைக்காரர்கள் 'சின்னக் குளம்' என்றுதான் சொல்வார்கள்.

அந்தச் சீமையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா பட்டத்துக்கு வருகிற அன்று, அவருடைய முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து ஒரு கோல் வெட்டுவார்கள். அதுதான் நாட்டுக்கே ஒரு முழம். ராஜா செத்தால் கோலையும் சிதையில் வைத்து எரித்துவிடுவார்கள். கீர்த்திமாறனின் அப்பா, பெரிய ராஜா, பனைமரம் மாதிரி உயரம். கையும் அப்படித்தான். அவர் கோல் எரிந்தது, மகன் கோல் வந்தது. முழம் சுருங்கிப்போனது ஊருக்கே தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை.

கோலைக் காப்பவர் பெயர் சோணாசலம். இருபது வருஷமாகச் சபையில் தாம்பூலத் தட்டின் முதல் வெற்றிலை அவருக்குத்தான். அதற்கும் வந்தது வினை. பெரிய ஏரியின் மடை திறக்கிற வீட்டுப் பெண் காத்தாயி, போன வெள்ளத்தில் கரை உடையாமல் காத்தாள் என்று ராஜா அவளை ஏரி மந்திரி ஆக்கிவிட்டான். அன்றிலிருந்து முதல் வெற்றிலை அவளுக்குப் போனது. இவருக்கு இரண்டாவது. அது வேப்பிலையாய்க் கசந்தது. வீட்டில் பெண்டாட்டி, "குழம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால்கூட, "இதைக் காத்தாயி வைத்திருந்தால் ராஜா சட்டியை வழித்திருப்பார்" என்று எரிந்து விழுவார். அவருக்குச் சோறே இறங்குவதில்லை.

மழைக்கு இருபது நாள் இருக்கும்போது மடைக்கதவு உளுத்து விழுந்தது. கதவு நிற்கிற கல்நிலை பெரிய ராஜா காலத்தது. அதன் நெற்றியில் 'உயரம் எட்டு முழம்' என்று பொறித்திருந்தது. காத்தாயி கோலை வைத்து அளந்தாள். ஒன்பது வந்தது. 'ஒன்பது முழத் தேக்குப் பலகை வேண்டும்' என்று ஓலை அனுப்பினாள். ஓலை சோணாசலம் கைக்கு வந்தது. ஏன் எட்டு ஒன்பதாயிற்று என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்ததனால்தான் அன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் சபையில் எழுந்தார். "மகாராஜா, கல்லில் எட்டு, இந்த அம்மாள் ஓலையில் ஒன்பது. மிச்சம் ஒரு முழத் தேக்கு யார் வீட்டுக் கட்டிலுக்குப் போகிறது என்று கேட்க வேண்டாமா?"

ராஜாங்கத் தேக்கைத் திருடினால் வலது கையை வெட்டுவது அங்கே சட்டம்.

"காத்தாயி, எட்டு எப்படி ஒன்பது ஆயிற்று?" என்று ராஜா கேட்டான்.

'உங்கள் கை குட்டை' என்றால் தலை போகும். பேசாமல் நின்றால் கை போகும். எட்டே போதும் என்று பின்வாங்கினால் கதவு நிலையை மூடாது. பெய்கிற மழையெல்லாம் வழிந்து ஓடி, நாற்பது ஊர் நெல் கருகும். சோணாசலம் மீசையைத் தடவிக்கொண்டார்.

காத்தாயி நிதானமாகச் சொன்னாள்: "அளக்கிறதில் என்னைவிட ஐயாவுக்குத்தான் பழக்கம். இந்தச் சபை வாசலில் ஒரு வரி பொறித்திருக்கிறதே, 'இங்கிருந்து சிங்காதனப் படிவரை பதினாறு முழம்' என்று. அதை ஐயா ஒரு தரம் அளந்து காட்டட்டும். அப்புறம் என் கையை நானே நீட்டுகிறேன்."

"இது என்ன பிரமாதம், அம்மணி?" என்றார் சோணாசலம். பொறாமை கண்ணை மறைத்திருந்தது. அது எந்த ராஜா காலத்து எழுத்து என்று அவர் யோசிக்கவேயில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, தரையில் குந்தி, கோலைப் புரட்டிக்கொண்டே போனார். சபையே கூட எண்ணியது. பதினாலு, பதினைந்து, பதினாறு. படி இன்னும் இரண்டு கோல் தள்ளி இருந்தது.

"நடுவில் எங்கேயோ எண்ணிக்கை தப்பிவிட்டது" என்று திரும்ப வாசலுக்குப் போனார். மறுபடியும் பதினெட்டுதான்.

"ஏன் ஐயா," என்றாள் காத்தாயி, "கூடின இரண்டு முழத்தை யார் வீட்டிலிருந்து தூக்கி வந்தீர்கள்?"

சபை சிரித்தது. அவருக்குக் காது சிவந்தது. "நான் ஏன் திருடுகிறேன்? கோல்தானே சின்னது" என்று சொல்லிவிட்டார்.

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ராஜா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அது யார் கை அளவு, சோணாசலம்?"

சோணாசலம் கோலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். காத்தாயி சும்மா நின்றிருந்தால் போதும், அவர் தலை உருண்டிருக்கும். அவள் சும்மா நிற்கவில்லை.

"மகாராஜா, ஐயா பாதியைச் சொன்னார், மீதியை நான் சொல்கிறேன். பெரிய ராஜா காலத்தில் எட்டாக இருந்த மடை உங்கள் காலத்தில் ஒன்பது. பதினாறாக இருந்த சபை பதினெட்டு. எட்டாயிரம் முழமாக இருந்த ஏரிக்கரை ஒன்பதாயிரம். உங்கள் காலத்தில் எண்ணிக்கை எல்லாம் கூடியிருக்கிறது, எதுவும் குறையவில்லை. ஆனால் கல் வளரவும் இல்லை, கரை நகரவும் இல்லை. பெரிய ராஜாவின் எட்டுக்கு உங்கள் ஒன்பது என்று எழுதினால் கதவு பொருந்தும். எழுதாவிட்டால், தண்ணீர் யார் கையையும் பார்த்து நிற்காது."

ராஜா வாசல் எழுத்தைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தான். "என் கை குட்டை என்பதை இவ்வளவு சுற்றிக்கொண்டு வந்து சொன்னவள் நீதான்." அந்தச் சொல்லை அவனே சொன்னதும்தான் சபைக்கு மூச்சு வந்தது.

முதல் வெற்றிலையோடு தன் கைக் கங்கணத்தையும் கழற்றி அவளுக்குக் கொடுத்தான். அது அவள் கைக்குச் சரியாகவே இருந்தது.

"இனி எந்தக் கோலையும் எரிக்கக் கூடாது" என்றான். "சோணாசலம், அளவு மாறியது தெரிந்தும் ஒரு கையை வெட்டப் பார்த்தீரே. நீர் சீமை முழுக்கப் போம். அப்பா காலத்துக் கல் ஒவ்வொன்றிலும் பழைய எண்ணுக்குக் கீழே புது எண்ணைப் பொறித்துவிட்டு வாரும். கணக்கு யாருடையது என்று ஊரார் கேட்டால் மறைக்காமல் சொல்லும்."

முந்நூற்றுப் பன்னிரண்டு கல். முதல் கல்லில் ஊரார் நாலு தரம் கேட்ட பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு "காத்தாயி" என்றார். நூறாவது கல்லில் ஒரே தரத்தில் சொன்னார். கடைசிக் கல்லில் யாருமே கேட்கவில்லை. உளியைக் கீழே வைத்துவிட்டு அவராகவே ஆரம்பித்தார்: "காத்தாயி என்று ஒருத்தி இருக்கிறாள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவக்கூடத் தெரியாது. ஆனால் கணக்கு சரியாய் இருக்கிறது, என்ன செய்ய?"

மடையில் கதவு நின்றது, ஏரியில் தண்ணீர் நின்றது. நம் கதையும் அந்தக் கரையிலேயே நிற்கட்டும்.