தரையில் கிடந்த கருப்பு பெல்ட்

குளத்தை ஒட்டிய காட்டில் ஒரு நாரை கராத்தே கிளாஸ் நடத்தி வந்தது. ஒற்றைக் காலில் அசையாமல் நிற்பதில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் கிடையாது. அதனால் மாஸ்டர் பதவி தானாகவே அதற்கு வந்து சேர்ந்துவிட்டது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தாழை நாரில் வெள்ளை பெல்ட். கொஞ்சம் தேறினால் அதையே மஞ்சளில் முக்கி எடுப்பார்கள். நன்றாகத் தேறினால் வேலம்பட்டைச் சாயத்தில் முக்கி பிரவுன் ஆக்குவார்கள். கருப்பு பெல்ட்டை மட்டும் அங்கே யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

பிரவுன் பெல்ட் ஒருவரிடம்தான் இருந்தது. அவர்தான் கரடி. உடம்பு முழுக்க ரோமம், கண் பார்வை கொஞ்சம் மட்டம், குரல் மட்டும் எட்டுத் திசைக்கும் கேட்கும். மஞ்சள் பெல்ட்டில் ஒரு முயல். வெள்ளை பெல்ட்டில் ஒரு காடையும், எண்ணிக்கையில் அடங்காத தவளைகளும்.

தவளைகள் பொழுதுபோகச் சேர்ந்தவை. காடை அப்படி இல்லை. போன தடவை அது இட்ட முட்டைகள் அத்தனையையும் ஒரு கருஞ்சாரைப் பாம்பு வந்து விழுங்கிவிட்டுப் போயிருந்தது. அந்த ஆத்திரத்தில்தான் காடை கராத்தேயில் சேர்ந்தது. இந்தத் தடவை கிளாஸ் நடக்கும் மைதானத்தின் ஓரத்துப் புல்லிலேயே கூடு கட்டி முட்டையிட்டது.

"இத்தனை பேர் குத்தும் உதையும் பழகுற இடத்துக்குப் பாம்பு வருமா? வந்தால் தொலைஞ்சுது!" என்று நிம்மதியாக இருந்தது.

பாவம், அந்த கிளாஸில் யாரும் இன்னும் ஒரு குத்துகூடப் பழகவில்லை என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது.

ஒரு நாள் நாரை மாஸ்டர், மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டில் பெல்ட் தேர்வு நடத்தக் கிளம்பியது.

"கரடி, நான் வரும்வரை நீ கிளாஸைப் பார்த்துக்கொள்."

"ஓஸ், மாஸ்டர்!" என்றது கரடி, இடுப்பு முறியும் அளவுக்குக் குனிந்து. "திரும்பி வரும்போது எனக்கு அந்தக் கருப்பு..."

மாஸ்டர் அதற்குள் பறந்துவிட்டது. பதில் வராததையே 'சரி' என்று எடுத்துக்கொண்டது கரடி. அன்றிலிருந்து அதன் நடையே மாறிவிட்டது.

"எல்லாரும் வரிசை! பெல்ட் நிறப்படி நில்லுங்கள்! இனி இங்கே ஒழுங்கு, கட்டுப்பாடு, மரியாதை! சொல்லுங்கள், ஓஸ்!"

"ஓசியா? எங்கே? என்ன தர்றாங்க?" என்று பின்வரிசைத் தவளை ஒன்று எட்டிப் பார்த்தது.

"ஓசி இல்லை! ஓஸ்! ஓஸ் என்றால் வணக்கம், சரி, புரிந்தது, நன்றி, மன்னிக்கவும் எல்லாம்தான்! மறுபடி முதலிலிருந்து!"

மறுபடி முதலிலிருந்து. அதற்குப் பிறகும் மறுபடி முதலிலிருந்து. மைதானத்துக்குள் வரும்போது வணக்கம். வந்த பிறகு வணக்கம். பிரவுன் பெல்ட் தும்மினால் வணக்கம். பெல்ட் அவிழ்ந்தால் முன்னால் பார்த்தபடி கட்டக் கூடாது, முதுகைக் காட்டித் திரும்பி நின்றுதான் கட்ட வேண்டும். ஜூனியர் சீனியரின் பெல்ட்டைத் தொடவே கூடாது, மாஸ்டர் மட்டும்தான் தொடலாம். பெல்ட் தரையில் படக் கூடாது, பட்டால் ஓடிப்போய் எடுத்துத் தட்டிக் கட்ட வேண்டும். வெள்ளை பெல்ட் பேச வேண்டுமானால் மஞ்சள் பெல்ட்டிடம் அனுமதி கேட்க வேண்டும். மஞ்சள் பெல்ட் பிரவுன் பெல்ட்டிடம் கேட்டுச் சொல்லும்.

"அண்ணே, குத்த எப்போ சொல்லித் தருவீங்க?" என்று காடை ஒரு நாள் கேட்டது.

"யார் அது நேராகப் பேசியது?"

காடை பல்லைக் கடித்திருக்கும், பல் இருந்திருந்தால். முயலிடம் கேட்டது. முயல் துள்ளிப்போய்க் கரடியிடம் கேட்டது.

"அண்ணே அண்ணே, குத்து எப்போன்னு ஒரு வெள்ளை பெல்ட் கேட்குது அண்ணே!"

"குனியத் தெரியாதவர்களுக்குக் குத்து எதற்கு? இன்னொரு வணக்கம் போடச் சொல்!"

முயல் திரும்பி வந்தது. "இன்னொரு வணக்கமாம்."

"எனக்கே கேட்டுச்சு முயலண்ணே. அவர் என் மூக்குக்கு முன்னாடிதான் நிக்கிறார்!"

"ஐயோ, மெதுவா! இப்போ நீ என்கிட்ட பேசுறதுக்கே அனுமதி கேட்கலையே!"

காடை வானத்தைப் பார்த்தது. வானமாவது அனுமதி கேட்கச் சொல்லாமல் இருந்தது.

புதருக்குள் இருந்து இத்தனையையும் ஒரு ஜீவன் ரசித்துக்கொண்டிருந்தது. கருஞ்சாரைதான்! கராத்தே கிளாஸ் என்று கேள்விப்பட்டு முதலில் கொஞ்சம் பயந்துதான் போயிருந்தது. இப்போது அதற்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எல்லாரும் ஒண்ணா தலையைக் குனிஞ்சு, கண்ணை மூடி, 'ஓஸ்'ஸுன்னு நிக்கிறாங்க. ஸ்ஸ்ஸ்! இதைவிட நல்ல கிளாஸ் உலகத்துல உண்டா!"

மறுநாள் காலை கரடி கத்தியது: "பெரிய வணக்கம்! நான் சொல்லும்வரை யாரும் நிமிரக் கூடாது! ஓஸ்!"

எல்லாத் தலைகளும் கீழே போயின. கருஞ்சாரை புதரிலிருந்து வெளியே வந்தது.

எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். தாய் அல்லவா, காடை மட்டும் ஒரு கண்ணைத் திறந்து கூட்டைப் பார்த்தது. பார்த்ததும் அதன் இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

"அண்ணே! பாம்..."

"உஷ்! வெள்ளை பெல்ட் பேச வேண்டுமானால்?"

"மஞ்சள் பெல்ட்டிடம் கேட்க வேண்டும்!" என்று தவளைகள் கண்ணைத் திறக்காமலே கோரஸ் பாடின.

காடை முயலின் காதில் கத்தியது. "பாம்பு! பாம்பு வந்திருக்கு! சொல்லுங்க முயலண்ணே, சீக்கிரம்!"

முயல் பதறி நிமிர்ந்தது. நிமிர்ந்ததும் அதன் பெல்ட் அவிழ்ந்தது. உடனே முதுகைக் காட்டித் திரும்பி நின்று கட்ட ஆரம்பித்தது.

"இப்போவா கட்டணும்?"

"அவிழ்ந்த பெல்ட்டோட சீனியர் முன்னாடி போகக் கூடாதே!"

கட்டியது. இழுத்துப் பார்த்தது. ஒரு பக்கம் நீளமாக இருந்ததால் அவிழ்த்து மறுபடி கட்டியது. பிறகு போய்க் குனிந்தது. "ஓஸ், அண்ணே! ஒரு வெள்ளை பெல்ட் பேச அனுமதி கேட்குது அண்ணே!"

"எதைப் பற்றி?"

"பாம்பைப் பற்றி அண்ணே!"

கரடி முகத்தைச் சுளித்தது. "பாம்பு நிலையா? அது பிரவுன் பெல்ட்டுக்கு மேலே உள்ளவர்களுக்கான பாடம்! எனக்கே மாஸ்டர் இன்னும் காட்டவில்லை! நேற்றுச் சேர்ந்தவளுக்குப் பாம்பு கேட்கிறதா? இந்த வருஷம் பாம்பு கிடையாது என்று சொல்!"

முயல் திரும்பி வந்தது. "இந்த வருஷம் பாம்பு கிடையாதாம்."

"பாடம் இல்லை! பாம்பு! நிஜப் பாம்பு! அதோ!"

"அப்படியா? அப்போ அதைத் தனியா ஒரு தடவை கேட்கணும்..."

களக்!

அந்தச் சத்தம் காடைக்கு மட்டும்தான் கேட்டது. கூட்டில் ஒரு முட்டை இல்லை.

காடை வரிசையை உடைத்துக்கொண்டு ஓடியது.

"யார் அது நகர்ந்தது?" கரடியின் குரல் இடித்தது. "வரிசை கலைந்தால் என்ன தண்டனை? எல்லாருக்கும் இன்னொரு பெரிய வணக்கம்! கண்ணை மூடு! குனி!"

நிமிரப் பார்த்த தலைகளும் மறுபடி கீழே போயின.

காடை பறந்து போய்ப் பாம்பின் தலையில் கொத்தியது. பாம்பு வாலால் ஒரு சுண்டு சுண்டியது. காடை உருண்டு போய் விழுந்தது.

"போம்மா, போ! வெள்ளை பெல்ட்டைக் கட்டிக்கிட்டு எங்கிட்டயா!" என்று இளித்தது பாம்பு. "உங்க அண்ணன்கிட்ட அனுமதி வாங்கிட்டு வா. அதுக்குள்ள நான் சாப்பிட்டு முடிச்சுடுறேன்."

அடுத்த முட்டையை நோக்கி அது வாயைத் திறந்தது. நீளமாக, கருப்பாக, பளபளவென்று புல்லில் கிடந்தது.

காடை அதைப் பார்த்தது. குனிந்து நின்ற கூட்டத்தைப் பார்த்தது. ஆபத்து என்றால் இந்தக் கூட்டத்துக்குக் கேட்காது. காப்பாற்றுங்கள் என்றாலும் கேட்காது. கேட்கிற பாஷை ஒன்றே ஒன்றுதான்.

மூச்சை இழுத்துப் பிடித்துக் கத்தியது.

"கரடியண்ணே! கருப்பு பெல்ட் தரையில கிடக்குது!"

"என்னது!"

கரடி நிமிர்ந்த வேகத்தில் பக்கத்தில் நின்ற முயல் மல்லாந்துவிட்டது.

"தரையிலா! பெல்ட்டா! அதுவும் கருப்பா!"

தடதடவென்று ஓடி வந்தது. மட்டமான கண்ணுக்குப் புல்லில் நீளமாகக் கருப்பாக ஏதோ தெரிந்தது. இரண்டு கையாலும் வாரி எடுத்தது. படபடவென்று தட்டித் தூசி போக்கியது. தலை எது, வால் எது என்று பாராமல் பயபக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டது. பாம்பு பிறந்ததிலிருந்து அதை யாரும் கண்ணில் ஒற்றிக்கொண்டதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்துப் போனது.

"மாஸ்டர்! யாருக்கும் தெரியாமல் எனக்காக இங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்களே!" கரடியின் கண் கலங்கிவிட்டது.

உடனே, விதிப்படி, எல்லாருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. இடுப்பைச் சுற்றி ஒரு சுற்று. இன்னொரு சுற்று. முடிச்சு. இழு!

"கொஞ்சம் வழவழப்பாக இருக்கிறது. உயர்ந்த ரகம் போல!"

"டேய்! விடுடா! மூச்சு முட்டுது!" என்றது பெல்ட்.

கரடி சுற்றிலும் முறைத்தது. "யார் அது பேசியது?"

"உங்க பெல்ட்தான் அண்ணே!" என்றன தவளைகள்.

"பெல்ட்டாக இருந்தாலும் அனுமதி கேட்டுத்தான் பேச வேண்டும்!"

"உன் அனுமதியில இடி விழ! அவிழ்த்து விடுடா, தடியா!"

பாம்பு 'புஸ்'ஸென்று சீறிக் கரடியின் விலாவில் ஒரு கடி கடித்தது. வாய் நிறைய ரோமம்தான் வந்தது. கரடி குனிந்து பார்த்தது. தன் தொப்புளுக்கு மேலே இருந்து ஒரு பாம்பு, ரோமத்தைத் துப்பியபடி, தன்னையே முறைப்பதைப் பார்த்தது.

"ஐயோ! பாம்பு! பாம்பு! என் இடுப்பில் பாம்பு!"

"ஓஸ்!" என்று வழக்கப்படி குனிந்தன தவளைகள்.

"ஓஸ் இல்லை! நிஜப் பாம்பு! யாராவது அவிழ்த்து விடுங்கள்! முயலே, ஓடி வா!"

முயல் ஓர் அடி முன்னால் வந்தது. இரண்டு அடி பின்னால் போனது. "அண்ணே அண்ணே, ஜூனியர் சீனியர் பெல்ட்டைத் தொடக் கூடாது அண்ணே! மாஸ்டர் மட்டும்தான் தொடலாம்னு நீங்கதானே..."

"அது சும்மா சொன்னது!"

"சும்மா சொன்னதுக்கா அண்ணே எங்களைக் காலையிலேருந்து குனிய வெச்சீங்க?" என்றது ஒரு தவளை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

கரடி தானே அவிழ்க்கப் பார்த்தது. அந்த முடிச்சோ இழுக்க இழுக்க இறுகியது. பாம்பு நெளிய நெளிய இன்னும் இறுகியது. கரடி காடையைப் பார்த்துக் கெஞ்சியது. "தங்கச்சி, நீயாவது உன் அலகால் கொத்திக் கொத்தி..."

காடை மிச்சமிருந்த முட்டைகளைச் சிறகுக்குள் அணைத்து உட்கார்ந்திருந்தது. எழுந்திருக்கவில்லை.

"மாஸ்டர்கிட்ட போங்க அண்ணே. மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கார்."

வேறு வழி தெரியாமல் கரடி மலையை நோக்கி ஓட்டம் பிடித்தது. "மெதுவா ஓடுடா! வயிறு குலுங்குது!" என்று அதன் இடுப்பு அழுதுகொண்டே போனது. அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து மறைந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் நாரை மாஸ்டர் அலகால் முடிச்சை அவிழ்த்து விட்டது. இடுப்பு ஒட்டிப்போன கருஞ்சாரை, எந்த நிற பெல்ட்டும் இல்லாத திசையாகப் பார்த்து ஊர்ந்து போனது. அந்தக் குளக்கரைப் பக்கம் அது மறுபடி தலைகாட்டவே இல்லை.

"பாம்பை நான்தான் பிடித்தேன், மாஸ்டர்!" என்றது கரடி, மூச்சு வாங்கியபடி. "அப்படியானால் எனக்கு அந்தக் கருப்பு பெல்ட்..."

"அதான் கட்டிப் பார்த்தாயே! எப்படி இருந்தது?"

கரடி இடுப்பைத் தடவிக்கொண்டது.

பெல்ட் தேர்வெல்லாம் முடிந்து இருவரும் குளக்கரைக்குத் திரும்பியபோது முட்டைகள் பொரிந்திருந்தன. குஞ்சுகள் மைதானம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தன. வரிசையும் இல்லை, வணக்கமும் இல்லை. ஒன்று நேராக வந்து கரடியின் பிரவுன் பெல்ட்டின் நுனியைப் பிடித்துத் தொங்கியது. முயல் பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டது. கரடி அதைத் தட்டிவிடவில்லை.

கரடி குனிந்து, மட்டமான கண்ணை இடுக்கிக்கொண்டு குஞ்சுகளைப் பார்த்தது.

"எல்லாம் நலமா, தங்கச்சி?"

"ஒண்ணு குறையுது அண்ணே."

"அது எங்கே?"

"நாங்க உங்ககிட்ட அனுமதி கேட்டுக்கிட்டு இருந்தோம்ல, அப்போ போச்சு."

கரடி நிமிரவில்லை. இடுப்பில் தொங்கிய குஞ்சு விழுந்துவிடாமல் ஒரு கையால் தாங்கிப் பிடித்தபடி வெகுநேரம் குனிந்தே நின்றது. அன்று அதை யாரும் 'ஓஸ்' சொல்லிக் குனிய வைக்கவில்லை.

ஆபத்தைச் சொல்ல ஓடி வருகிறவரின் பெல்ட் நிறத்தைப் பார்க்காமல், அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதுதான் ஒருவர் கற்க வேண்டிய முதல் மரியாதை.